பம்பரம் மிஸ்ஸும் எண்பது வருடத்துக் கடிதமும்

இந்த உலகத்தில் இதுவரை செத்துப்போன அரசர்கள் அத்தனை பேரும் எங்கள் சமூக அறிவியல் மிஸ்ஸிடம் விடுப்பு விண்ணப்பம் கொடுத்துவிட்டுத்தான் செத்தார்கள். புதுக் கண்டம் தேடிக் கப்பலேறியவர்கள் எல்லோரும் எங்கள் வகுப்புச் சுவரில் தொங்கும் வரைபடத்தைப் பார்த்துத்தான் கிளம்பினார்கள்; ஒரு நாள் ஆணி கழன்று படம் சரிந்ததால்தான் பாதிப் பேர் வழி தெரியாமல் வேறெங்கோ போய் இறங்கினார்கள். மிஸ் ஒருமுறை தும்மியதில் ஒரு பேரரசு இரண்டாக உடைந்தது. ஒட்டவைக்கச் சொல்லிக் கேட்டதற்கு, "அது அடுத்த பாடம்" என்று சொல்லிவிட்டார்.

அவருக்குப் பட்டப்பெயர் பம்பரம். வைத்தது யார் என்று கேட்காதீர்கள். வகுப்பில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நாற்காலியில் அவருடைய சணல் பை உட்கார்ந்திருக்கும். அவர் கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடுவே சுற்றிக்கொண்டிருப்பார். ஐம்பது நிமிடத்தில் நூற்றுப் பன்னிரண்டு சுற்று. நான் எண்ணியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பை இரண்டாவது தடவை படிப்பவளுக்கு எண்ணிப்பார்க்க நேரம் நிறைய உண்டு.

வீட்டிலும் அதே கதைதான். மிஸ்ஸின் வீடு எங்கள் கட்டிடத்தில் மூன்றாவது மாடி, நாங்கள் தரைத்தளம். மிஸ்ஸின் வீட்டுக்காரர் ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவர். அவர் குடியிருக்கும் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள். அப்புறம் மிஸ்ஸின் நாத்தனார், தையல்காரி. முன்னறை ஜன்னலை அவருடைய தையல் மிஷின் அடைத்துக்கொண்டிருக்கும். அவர் தைக்கும் சட்டைகளுக்குப் பொத்தான் வைப்பதும் ஓரம் அடிப்பதும் என் அம்மா. மூட்டையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் அலைவது நான். அதனால் எனக்கு அந்த வீட்டில் நடப்பது எல்லாம் அத்துப்படி.

காலையில் மிஸ் ஒரு கையில் ரொட்டியும் இன்னொரு கையில் மகளின் ஒற்றை ஷூவுமாக அறைக்கு அறை நடப்பார். நாத்தனார் மிஷினை நிறுத்தாமலே சொல்லுவார்: "ஏம்மா, அந்த ரொட்டியையாவது ஒரு இடத்துல நின்னு தின்னேன். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம பாதி வழியில நிக்கப் போகுது."

"நின்னா தூக்கம் வருது அண்ணி."

"அப்போ உன் கிளாஸ்ல பசங்க எப்படி முழிச்சிருக்காங்க?"

நல்ல கேள்வி. பதில் அந்தச் சணல் பையில் இருந்தது.

தினமும் அதிலிருந்து ஏதாவது ஒரு பொருள் வெளியே வரும். சாவி இல்லாத பூட்டு. சுழற்றிப் பேசுகிற காலத்து டெலிபோனின் வட்டத் தகடு. யாரோ யாருக்கோ போட்ட தபால் அட்டை. அது என்ன என்று மிஸ் சொல்லமாட்டார். நாங்கள்தான் கேள்வி கேட்க வேண்டும். யாருடையது, எப்போதையது என்று ஆளாளுக்கு அடித்து விடுவோம். எது சொன்னாலும் மிஸ் திரும்பி நடந்துகொண்டே ஒரே கேள்வியைப் போடுவார்: "எப்படித் தெரியும்?"

அந்த இரண்டு வார்த்தையால் எங்கள் வகுப்பே கெட்டுப்போனது. கேன்டீனில் டீ நல்லா இருக்கு என்று ஒருவன் சொன்னால், எப்படித் தெரியும் என்று நான்கு பேர் கேட்டார்கள். நான் வீட்டில் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். பதிலாகக் கரண்டி வந்தது.

வரி பற்றிய பாடத்துக்கு ஆளுக்குப் பத்து பிஸ்கட் கொடுத்தார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள், "நான்தான் ராணி. ஜன்னல் ஓரம் உக்காந்திருக்கவங்க வெளிச்சத்துக்காக மூணு கொடுங்க. பேனா வெச்சிருக்கவங்க ரெண்டு. சிரிச்சவங்க ஒண்ணு" என்று வசூலிக்க ஆரம்பித்தார். வகுப்பு லீடர், ஜியோமெட்ரி பாக்ஸைப் பூட்டி வைக்கிற அளவுக்குக் கறாரான பையன், அவனே பெஞ்சு மேல் ஏறி நின்று கொடுக்க முடியாது என்றான். பத்து நிமிடத்தில் கலகம். அப்போதுதான் மிஸ் புத்தகத்தைத் திறக்கச் சொன்னார். இருநூறு வருடத்துக்கு முந்தைய ஒரு கலகத்தைப் பற்றிய பாடம். அன்றைக்கு யாரும் கொட்டாவி விடவில்லை. என்னிடம் மிச்சமிருந்தவை இரண்டு பிஸ்கட்.

இன்னொரு நாள் பாட நேரத்தில் ஓவிய மாஸ்டர் புயல் மாதிரி உள்ளே வந்து மிஸ்ஸோடு சண்டை போட்டு, சாக்பீஸ் டப்பாவைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். மிஸ் சாக்பீஸைப் பொறுக்கிக்கொண்டே, "இப்போ நடந்ததை ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்க" என்றார். நாற்பது பேர் எழுதியதில் மாஸ்டர் நீலச் சட்டை, பச்சைச் சட்டை, சட்டையே மாற்றிக்கொண்டார் என்றெல்லாம் இருந்தது. "அஞ்சு நிமிஷம் முன்னாடி, உங்க கண்ணு முன்னாடி நடந்தது" என்றார் மிஸ். "இப்போ முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்த போரைப் பத்தி ஒரே ஒருத்தர், அதுவும் ஜெயிச்சவர்கிட்ட சம்பளம் வாங்கினவர், எழுதி வெச்சதைப் படிக்கப் போறோம்."

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதவேண்டி வந்திருக்காது.

எங்கள் பள்ளியில் நோட்ஸ் சார் என்று ஒருவர் இருக்கிறார். எங்களுக்கு அறிவியல், பக்கத்துப் பிரிவுக்குச் சமூக அறிவியல். எதுவானாலும் அவர் சொல்லச் சொல்ல எழுதவேண்டும். காற்புள்ளியைக்கூடக் காற்புள்ளி என்று சொல்லித்தான் தாண்டுவார். அவர் வகுப்பில் என் இடம் வராந்தா. ஒரு நாள் அவர் "முற்றுப்புள்ளி" என்றதும் நான் சேவல் மாதிரிக் கூவினேன். அன்றிலிருந்து வகுப்பு ஆரம்பிக்கும் முன்பே அவர் கை வாசலைக் காட்டிவிடும்.

அந்த மாதம் மிஸ் எங்களுக்கு ஒரு பெரிய வேலை கொடுத்திருந்தார். எங்கள் வகுப்பறையின் பின்சுவரில் ஒரு கதவு இருந்து, அதைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். மரச்சட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. "இந்தக் கதவை யார் அடைச்சா, எப்போ, ஏன்? கண்டுபிடிங்க" என்றார். ஒரு வாரம் அலைந்தோம். பழைய பதிவேடுகளைக் கரையான் தின்றிருந்தது. ஒருவருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. மிஸ்ஸின் சுற்று நூற்று முப்பதைத் தாண்டியது.

அந்தச் சமயத்தில்தான் எச்.எம். மிஸ்ஸைக் கூப்பிட்டார். அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இரண்டே பேர். எச்.எம். மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த கண்ணாடிக் குண்டை உருட்டிக்கொண்டே பேசினார்.

"உங்க கிளாஸ்ல சத்தம் வருது, மார்க் வரலியே மிஸ்."

"அரையாண்டுல நாலு பேர்தான் சார் ஃபெயில்."

"பக்கத்துப் பிரிவுல ஒருத்தர்கூட இல்ல. அவர் நோட்ஸ் கொடுக்கறார், பசங்க அப்படியே எழுதறாங்க. அடுத்த மாசம் மூணாம் தேதி இன்ஸ்பெக்ஷனுக்கு கல்வி ஆபீசர் வராங்க. அவங்க முகம் சுளிச்சா ஒன்பதாம் வகுப்பை அவர்கிட்ட கொடுத்துடுவேன். நீங்க ஸ்டோர் ரூம்ல பதிவேடு பாருங்க."

"அங்க எனக்கு நடக்க இடம் இருக்காது சார்."

"நான் விளையாடல மிஸ்."

"நானும்தான் சார்."

மிஸ்ஸின் இடது செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. அந்தக் காலைப் பாதி தூக்கியபடி, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். எச்.எம். தண்ணீர் கிளாஸை நகர்த்தி வைத்தார். மிஸ் அதைத் தொடவில்லை.

இதெல்லாம் எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிய வந்தது. அப்போது எனக்கு எதுவும் தெரியாது என்பதை இங்கே அழுத்தமாகச் சொல்லிவைக்கிறேன்.

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். பொழுது போகாமல் செய்தது, வேறு காரணம் எதுவும் இல்லை. நூலகத்திலுள்ள பெரிய வரைபடப் புத்தகத்தின் கடைசியில் எதுவும் அச்சிடாத தாள்கள் இரண்டு இருந்தன. அவற்றைக் கிழித்தேன். டீத்தண்ணீரில் ஊறவைத்தேன். மூட்டை கொண்டுபோன சாக்கில், நாத்தனார் துணிக்கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவருடைய இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உலர்த்தினேன். முதல் தாள் பொசுங்கிவிட்டது. இரண்டாவது அருமையாக வந்தது. ஈர்க்குச்சியை மையில் தொட்டு எழுதினேன்:

"நான் இந்தப் பள்ளியின் காவலாளி. ஆற்றில் வெள்ளம் வந்த அன்று, மேலிடத்து உத்தரவில்லாமல் இந்தக் கதவைத் திறந்து நாற்பது குடும்பங்களை உள்ளே விட்டேன். அதற்காக என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கதவையும் அடைக்கப் போகிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. தேவைப்பட்ட அன்றைக்கு அது திறந்திருந்தது."

கீழே எண்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. மடித்து மரச்சட்டத்துக்கும் செங்கல்லுக்கும் நடுவே செருகினேன்.

லீடர் இரண்டே நாளில் ஸ்கேலால் நெம்பி எடுத்துவிட்டான். அவன் அதை உரக்கப் படித்தபோது கடைசி வரியில் குரல் உடைந்தது. முன் பெஞ்சில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். நான் சிரிப்பை அடக்கக் கன்னத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். மிஸ் கடிதத்தை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்தார். மூக்கருகே கொண்டுபோனார். வகுப்பை இரண்டு சுற்று சுற்றினார். "எப்படித் தெரியும்?" என்றார். வகுப்பு போட்ட சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அதற்கப்புறம் விஷயம் என் கையை மீறிப் போய்விட்டது. காவலாளியின் படத்தை வரைந்தார்கள். நாற்பது குடும்பங்களுக்கும் தொழில் பிரித்துக் கொடுத்தார்கள். ஆபீசர் வரும்போது நாடகமாகவே நடித்துக் காட்டுவதென்று லீடர் முடிவு செய்தான். காவலாளி வேஷம் யாருக்கு? எனக்கு.

"நீதான் நல்லா கத்துவ" என்றான்.

"காவலாளி கத்தினான்னு எப்படித் தெரியும்?"

"வெள்ளத்துல பின்ன ரகசியமா பேசுவானா? போடி."

ஆபீசர் வரும் செய்தி இப்போது பள்ளி முழுக்கப் பரவியிருந்தது. கூடவே ஸ்டோர் ரூம் செய்தியும். கடிதம் பொய் என்று ஆபீசர் கண்டுபிடித்தால் மிஸ் தொலைந்தார். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பம்பரம் என்னைத் தொற்றிக்கொண்டது. அலமாரிப் பூட்டில் ஹேர்பின்னை விட்டுப் பார்த்தேன், பின்தான் உடைந்தது. மாடிக்குப் போய் மிஸ்ஸிடம் சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை ஏறினேன். மூன்றாவது தடவை மிஸ் கதவருகே எதிரே வந்தார்.

"என்னடி, சட்டை மூட்டை இல்லாம வெறுங்கையோட வந்திருக்க?"

"மிஸ்... அது வந்து..."

உள்ளேயிருந்து நாத்தனாரின் குரல்: "அவளைக் கேளு. என் இஸ்திரிப் பெட்டி அடியில யாரோ பிசின் மாதிரி காய்ச்சி வெச்சிருக்காங்க. வெள்ளைச் சட்டையில டீக்கறை. டீ குடிக்கிற இஸ்திரிப் பெட்டியை நான் இப்பத்தான் பாக்கறேன்."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் மாடிப்படியைப் பார்த்தேன். அப்புறம் அதில் இறங்கிவிட்டேன்.

மூன்றாம் தேதி வந்தது. ஆபீசர் ஒல்லியான அம்மா. கைப்பையை மடியில் வைத்துக் கடைசி பெஞ்சில், என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். எச்.எம். வாசலில் நின்றார், அவருக்குப் பின்னால் நோட்ஸ் சார். நாடகத்தை ஆரம்பிக்க லீடர் எழுந்தான்.

"உக்காருப்பா" என்றார் மிஸ். "நாடகம் அப்புறம்."

கடிதத்தை உறையிலிருந்து எடுத்து முதல் பெஞ்சில் வைத்தார். "இது எண்பது வருஷத்துக் கடிதம்னு பதினஞ்சு நாளா நம்பிட்டிருக்கோம். எப்படித் தெரியும்? ஒவ்வொரு பெஞ்சா பாருங்க. தொடலாம், மோந்து பாக்கலாம். கண்டதை மட்டும் சொல்லுங்க, நினைச்சதைச் சொல்லாதீங்க."

கடிதம் பெஞ்சு பெஞ்சாக நகர்ந்தது.

"டீ வாசனை அடிக்குது மிஸ்."

"தேதி போட்டிருக்கு, ஆனா கரையான் ஒரு ஓட்டைகூடப் போடல. பதிவேட்டையெல்லாம் தின்னுச்சே."

"வரிசையா சின்னச் சின்னப் புள்ளி இருக்கு மிஸ். எங்க வீட்டு ஆவி இஸ்திரிப் பெட்டி அடியில இப்படித்தான் ஓட்டை இருக்கும்."

"மூலையில நீலமா வளைவா ஒரு கோடு. நம்ம லைப்ரரி ரப்பர் ஸ்டாம்ப்போட ஓரம்."

ஒருத்தி ஓடிப்போய் நூலகத்திலிருந்து வரைபடப் புத்தகத்தைத் தூக்கி வந்தாள். கிழிந்த ஓரம் கச்சிதமாகப் பொருந்தியது. லீடர் மட்டும் கிட்ட வந்து பார்க்கவில்லை. அவன் அந்தக் காவலாளிக்கு ஒரு மகளைக்கூட யோசித்து வைத்திருந்தான். அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது நோட்ஸ் சார் தொண்டையைச் செருமினார். "இந்தப் புத்தகத்தை இந்த வருஷம் வெளிய எடுத்தது ஒரே ஒருத்தர்தான் சார். லைப்ரரி பதிவேட்டுல கையெழுத்து இருக்கு. மிஸ்தான். கதவைப் பத்தி ஒண்ணும் கிடைக்கல. ஆபீசர் வேற வராங்க. அவங்களே ஒண்ணு தயார் பண்ணி வெச்சிருந்தா?"

எச்.எம். மிஸ்ஸைப் பார்த்தார். "யார் பண்ணதுன்னு உங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

மிஸ் நடப்பதை நிறுத்தினார். "கடிதம் உண்மையா பொய்யாங்கறதுதான் சார் இன்னைக்குப் பாடம். யார் பண்ணதுங்கறது இல்ல."

"தெரியுமா, தெரியாதா?"

மிஸ் கடிதத்தை எடுத்து உறைக்குள் போட்டார். ஸ்டோர் ரூம் கதவு திறக்கிற சத்தம் எனக்கு அங்கேயே கேட்டது. எழுந்தேன்.

"நான்தான் சார் பண்ணேன்."

நோட்ஸ் சார் சிரித்தார். "மிஸ்ஸைக் காப்பாத்தப் பாக்கறா. இவளுக்கு நேரா ஒரு பக்கம் எழுதவே வராது."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். முதல் தடவையாக வாயைத் திறந்தார். "நீதான் பண்ணேன்னு எப்படித் தெரியும்?"

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன், அதற்கும் ஆதாரம் கேட்கிறார்கள். பையைக் கவிழ்த்தேன். அறிவியல் நோட்டை எடுத்து அதன் பழுப்பு அட்டையைப் பிரித்தேன். உள்ளே அந்தப் பொசுங்கிய முதல் தாள் இருந்தது. "நான் இந்தப் பள்ளியின்" வரை எழுதியிருந்தேன். அதற்குமேல் இஸ்திரிப் பெட்டியின் முழு உருவமும், புள்ளிகளோடு, படகு மாதிரிப் பதிந்திருந்தது. வரைபடப் புத்தகத்தில் இரண்டாவது கிழிசலோடு வைத்தேன். பொருந்தியது.

"இதை எதுக்கு அறிவியல் நோட்டுல வெச்ச?" என்றார் ஆபீசர்.

"அதைத்தான் மேடம் யாரும் திறந்து பாக்க மாட்டாங்க. அட்டை போட்டிருக்கான்னு மட்டும்தான் சார் பாப்பார்."

வகுப்பில் பின்னால் எங்கோ ஒருவன் சேவல் மாதிரிக் கூவினான். நான் இல்லை. ஆபீசர் குனிந்து ரொம்ப நேரம் எழுதினார். அவர் தோள் குலுங்கியதாக லீடர் சொல்கிறான். எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறேன்.

ஆபீசர் எழுதிவிட்டுப் போனது, ஆண்டுத் தேர்வு வரை மிஸ் தொடரலாம், அதற்கப்புறம் மறுபடி வந்து பார்ப்பேன் என்பது. அதனால் இன்னும் யாருக்கும் நிம்மதி இல்லை. மிஸ் இப்போதும் நூற்று இருபது சுற்றில் இருக்கிறார். அடைத்த கதவின் உண்மைக் கதையை லீடர்தான் கண்டுபிடித்தான். பள்ளியில் முன்பு வேலை பார்த்த கொத்தனார் ஒருவரை நான்கு தெரு தள்ளித் தேடிப் பிடித்தான். மத்தியான வெயில் நேராகக் கரும்பலகையில் விழுந்து பிள்ளைகளுக்குக் கண் கூசியதாம், அதனால் அடைத்தார்களாம். அவ்வளவுதான். அதற்கு ஆதாரமாகக் கொத்தனார் பழைய போட்டோ ஒன்றையும் கொடுத்தார். லீடர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறான். என்னோடு இன்னும் அளந்து அளந்துதான் பேசுகிறான்.

எனக்குத் தண்டனை, "என் தவறு" என்று முப்பது பக்கம் எழுதுவது. மிஸ் எச்.எம்.மிடம் பேசி அதை மாற்றினார். "ஒரு சாதாரண ஆளோட வாழ்க்கையை எழுது. ராஜா ராணி வேண்டாம். ஆதாரம் இல்லாத வரி ஒண்ணுகூட இருக்கக் கூடாது." நான் மிஸ்ஸையே எழுதினேன். நீங்கள் இதுவரை படித்ததை நேற்று மாலை மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மிஸ் நடந்துகொண்டே படித்தார். நாத்தனார் மிஷினை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் பத்தியில் மிஸ் சிவப்புப் பேனாவால் ஒரு பெரிய கோடு இழுத்தார். பிஸ்கட் இடத்தில், "ரெண்டு இல்ல, நாலு மிச்சம் வெச்சிருந்த" என்றார். அப்புறம் எச்.எம். அறை வந்த பக்கத்தில் நின்றுவிட்டார். அதை இரண்டு தடவை படித்தார்.

"கண்ணாடிக் குண்டு. தண்ணி கிளாஸ். என் செருப்புல குத்தியிருந்த ஊக்கு" என்றார். "அந்த ரூம்ல நானும் எச்.எம்.மும்தான் இருந்தோம். நான் யார்கிட்டயும் இதைச் சொல்லல. அண்ணிகிட்டகூட. எச்.எம். என் செருப்பைப் பத்தி ஊர்ல பேசிட்டிருக்க மாட்டார்."

"கேள்விப்பட்டேன் மிஸ்."

"நோட்ஸ் சார் உன்னை நிக்க வெச்ச வராந்தாவுல, எச்.எம். ரூம் ஜன்னல் இருக்கு."

நான் தையல் மிஷினைப் பார்த்தேன்.

"ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுதுன்னு எழுதியிருக்க. மறுநாள் பொழுது போகாம பண்ணேன்னு எழுதியிருக்க. அந்தக் கடிதத்துல கதவைத் திறந்ததுக்கு வேலை போனது யாருக்கு?"

"காவலாளிக்கு மிஸ்."

"ம்." பேனாவை என் பக்கம் நீட்டினார். "பொய் வரியை நீயே அடிச்சுடு."

"எந்த வரி பொய்னு உங்களுக்கு எப்படித் தெரியும் மிஸ்?"

"என்கிட்ட கேக்கற? ஆதாரத்தை எழுதிக் கொடுத்ததே நீதானடி."